காய்ச்சலை மறைக்காதீர்கள், சொன்னால் ஊரே தப்பும்

நெல் வயலில் பயிர் வட்டம் வட்டமாகக் காய்ந்தால் அன்று மாலையே உதவி வேளாண்மை அலுவலருக்குப் போன் போகிறது. 'சார், புகையான் மாதிரி தெரியுது' என்று படம் எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறீர்கள். பக்கத்து வயல்காரருக்கும் சொல்லி வைக்கிறீர்கள். பூச்சிக்கு வரப்பு தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும்.

அதே வயலில் இறங்கிக் களை எடுத்த மூன்று பேருக்கு ஒரே வாரத்தில் காய்ச்சல் வந்தால் யாருக்குச் சொல்கிறோம்? ஒருவர் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுப் படுத்துவிடுகிறார். இன்னொருவர் டவுனில் தெரிந்த டாக்டரிடம் ஊசி போட்டுக்கொள்கிறார். மூன்றாமவர் வெளியூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் அங்கே ஆஸ்பத்திரியில் சேர்கிறார். மெடிக்கல்காரரும் இரண்டு டாக்டர்களும் ஆளுக்கொரு காய்ச்சலைப் பார்க்கிறார்கள். மூன்று பேரும் ஒரே வாய்க்கால் தண்ணீரில் நின்றவர்கள் என்பது எந்த டாக்டருக்கும் தெரியாது. அது தெரிந்தவர்கள் ஊரில் இருக்கும் நீங்கள்தான்.

தொற்றுநோயைச் சுகாதாரத் துறைக்குத் தெரிவிப்பது டாக்டர்களின் வேலை என்று நாம் நினைத்திருக்கிறோம். சட்டப்படி முதல் கடமை அவர்களுடையதுதான். ஆனால் வயலிலும் மாட்டுக் கொட்டகையிலும் தொடங்கும் நோய்களில் முதல் அடையாளத்தைப் பார்ப்பவர் விவசாயி. அவர் ஒரு போன் செய்தால் போதும், பல நாள் முன்னதாகவே வேலை தொடங்கிவிடும்.

பயிருக்கு உள்ள கண்காணிப்பு ஆளுக்கும் வேண்டும்

வயலில் விளக்குப் பொறி வைப்பது பூச்சியைக் கொல்ல மட்டுமல்ல. பூச்சி வந்துவிட்டதா, எவ்வளவு வந்திருக்கிறது என்று அறியவும்தான். புகையான் தூருக்கு ஒன்று என்ற அளவைத் தொட்டால் மருந்து அடியுங்கள், சிலந்திகள் நிறைய இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம் என்று சொல்கிறோம். இதற்குப் பொருளாதாரச் சேத நிலை என்று பெயர். எண்ணிப் பார்த்தால்தான் இந்த முடிவை எடுக்க முடியும்.

மக்காச்சோளப் படைப்புழுவை நினைத்துப் பாருங்கள். 2018 மே மாதம் கர்நாடக மாநிலம் சிவமொக்கா பகுதியில் இந்தியாவில் முதன்முறையாக அது கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் தமிழக மக்காச்சோள வயல்களுக்கும் வந்துவிட்டது. புழுவின் பெயரும் அது குருத்துக்குள் ஒளிந்து தின்னும் விதமும் தெரிந்த பிறகுதான் இனக்கவர்ச்சிப் பொறி, விதை நேர்த்தி, எந்த வயதுப் பயிருக்கு எந்த மருந்து என்ற பரிந்துரைகள் உங்களுக்குக் கிடைத்தன. பெயர் தெரியாத பூச்சிக்குப் பரிந்துரை சொல்ல முடியாது. காய்ச்சலும் அப்படித்தான்.

வயலும் கொட்டகையும் தரும் ஐந்து நோய்கள்

எலிக்காய்ச்சல்: லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியாவால் வருவது. எலியின் சிறுநீரில் முக்கியமாக வெளியேறும். மாடு, பன்றி, நாயின் சிறுநீரிலும் வரலாம். ஈரமான மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். நன்றாகக் காய்ந்த மண்ணில் நிலைக்காது. காலில் உள்ள வெட்டு, சேற்றுப்புண், நாள் முழுதும் நீரில் ஊறிய தோல், கண், வாய் வழியாக உடலுக்குள் போகும். பெரும்பாலும் 5 முதல் 14 நாளுக்குள் திடீர்க் காய்ச்சல், கடும் தலைவலி, கெண்டைக்காலிலும் இடுப்பிலும் தாங்க முடியாத வலி, கண் சிவப்பு தெரியும். நாள் தள்ளினால் மஞ்சள் காமாலை, சிறுநீர் குறைதல், நுரையீரலில் ரத்தக்கசிவு வரை போய் உயிரைப் பறிக்கும். தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் டாக்சிசைக்ளின், பென்சிலின் போன்ற எளிய மருந்துகளுக்கே கட்டுப்படும்.

ஸ்க்ரப் டைஃபஸ்: இதை உண்ணிக்காய்ச்சல் என்றும் சொல்கிறார்கள். புதர், புல் மண்டிய இடங்களில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியின் இளம்பருவம் கடிப்பதால் வருகிறது. ஆட்டுக்குப் புல் அறுப்பவர்கள், விறகு பொறுக்குபவர்கள், வரப்பில் உட்கார்பவர்கள் கவனிக்க வேண்டும். கடித்த இடத்தில் பீடி நெருப்புப் பட்டது போலக் கறுத்த பொருக்கு தெரியும்; வலி இருக்காது. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு போன்ற மறைவிடங்களில் இருப்பதால் நோயாளிக்கே தெரியாமல் போகும். டாக்டரிடம் அதைக் காட்ட வெட்கப்படாதீர்கள். அந்தக் கறுப்புப் பொருக்கு ஒன்றை வைத்தே நோயைச் சந்தேகிக்க முடியும்.

அடைப்பான்: நேற்று நன்றாக மேய்ந்த மாடு இன்று காலை செத்துக் கிடக்கும். வயிறு வேகமாக உப்பும். மூக்கு, ஆசனவாய் வழியாக உறையாத கறுத்த ரத்தம் வரும். இப்படி இருந்தால் மாட்டை அறுக்கவோ தோல் உரிக்கவோ கூடாது. அறுக்காத உடலுக்குள் இருக்கும் கிருமி உடல் அழுகும்போது பெரும்பாலும் அழிந்துவிடும். அறுத்துக் காற்றுப் பட்டால் அது விதை போன்ற ஓடு கட்டிய வடிவத்துக்கு மாறி, அந்த மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்து மாடும் அங்கே மேய்ந்து சாகலாம். தோல் உரித்தவர் கையில் வலியில்லாத கறுத்த புண் வரும். கறியைச் சாப்பிட்டவர் உயிருக்கே ஆபத்து.

கருச்சிதைவு நோய்: புருசெல்லா என்ற பாக்டீரியாவால் வருவது. சினை மாடு ஐந்து, ஆறு மாதத்துக்கு மேல் கன்று வீசும், நச்சுக்கொடி விழாமல் தங்கும். வெறும் கையால் நச்சுக்கொடியை இழுப்பவருக்கும், காய்ச்சாத பாலைக் குடிப்பவருக்கும் வாரக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டுவலி வரும். பல நேரம் இதை டைபாய்டு என்றோ வாதம் என்றோ நினைத்து மாதக்கணக்கில் வைத்தியம் பார்ப்பார்கள்.

வெறிநோய்: நாய் கடித்த மாட்டுக்கும் இது வரும். மாடு எச்சில் வடிக்கும், தீனியை விழுங்க முடியாமல் தவிக்கும், அடித்தொண்டையில் வித்தியாசமாகக் கத்தும். 'தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கு' என்று நினைத்து வாய்க்குள் கையை விடுவார்கள். வெறிநோய்க் கிருமி எச்சிலில்தான் இருக்கிறது. கையில் சின்னக் கீறல் இருந்தாலும் போதும். மனிதருக்கு அறிகுறி வந்துவிட்டால் இந்த நோயிலிருந்து காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். ஆனால் கடிபட்ட உடனே 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி, தடுப்பூசியை எல்லாத் தவணையும் போட்டுக்கொண்டால் தப்பலாம். ஆழமான கடி என்றால் கூடவே இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டும். எல்லாம் அரசு மருத்துவமனையில் இலவசம்.

பெயர் தெரியாமல் கழிந்த ஐந்து ஆண்டுகள்

நோயைக் கண்டு, சொல்லி, பெயர் வைப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு அந்தமான் ஓர் உதாரணம். 1988 முதல் வடக்கு அந்தமானின் டிக்லிப்பூர் பக்கம் மழைக்காலத்தை ஒட்டி ஒரு காய்ச்சல் வந்தது. வயல் வேலைக்குப் போனவர்கள் காய்ச்சலோடு இருமி ரத்தம் கக்கினார்கள், பலர் இறந்தார்கள். காரணம் பிடிபடவில்லை. 'அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்றே அதை அழைத்தார்கள். அது எலிக்காய்ச்சல்தான் என்று 1993-ல்தான் தெரிந்தது. 1929-லேயே அதே அந்தமானில் எலிக்காய்ச்சல் இருப்பது ஆராய்ச்சியில் பதிவாகியிருந்தது. காய்ச்சல் பரவிய அந்த ஐந்து ஆண்டுகளிலும் மருந்து இருந்தது. நோயின் பெயர் தெரியாததுதான் குறை.

இன்னொன்று நம் பக்கத்து மாநிலத்தில் நடந்தது. 1957-ல் சிவமொக்கா மாவட்டத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. அதை ஒட்டிய ஊர்களில் மக்களுக்கும் கடும் காய்ச்சல் வந்தது. புனே வைரஸ் ஆராய்ச்சி மையத்தார் முதலில் மஞ்சள் காய்ச்சலோ என்று பயந்தார்கள். பரிசோதித்தபோது அது உலகுக்கே புதிய வைரஸ், உண்ணி மூலம் பரவுகிறது என்று தெரிந்தது. இன்றும் கியாசனூர் காட்டு நோய் என்றுதான் அதற்குப் பெயர். பின்னாளில் பந்திப்பூர், வயநாடு, நீலகிரிப் பகுதிகளிலும் அது தென்பட்டது. அதனால்தான் அந்த வட்டாரங்களில் குரங்கு செத்துக் கிடந்தால் உடனே வனத்துறைக்குச் சொல்லச் சொல்கிறார்கள்.

இந்த இரண்டிலிருந்தும் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. ஆளுக்கு நோய் வரும் முன்பே பல நேரம் எலி, மாடு, ஆடு, குரங்கு, கோழி வழியாக அடையாளம் தெரிந்துவிடுகிறது. அதைப் பார்ப்பவர் ஆஸ்பத்திரியில் இல்லை. மேய்ச்சல் தரையிலும் வரப்பிலும் இருக்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் மாநிலத்தில் 1939-ம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. குறிப்பிட்ட தொற்றுநோய்களைக் கண்ட மருத்துவர் அதைச் சுகாதார அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதில் உள்ளது. தனியார் மருத்துவருக்கும் இது பொருந்தும். காசநோயை 2012 முதல் நாடு முழுதும் தனியார் டாக்டர்களும் தெரிவித்தாக வேண்டும். தொற்றுநோய் அல்லாத பாம்புக்கடியைக்கூட 2024 நவம்பரில் தமிழக அரசு இந்தச் சட்டத்தின் கீழ் தெரிவிக்க வேண்டியதாக அறிவித்தது. எந்த வட்டாரத்தில் எத்தனை கடி என்ற கணக்கு இருந்தால்தான் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எவ்வளவு விஷமுறிவு மருந்து வைப்பது என்று முடிவு செய்ய முடியும். இது விவசாயிக்கு நேரடியாகப் பயன் தரும் விஷயம்.

கால்நடைக்குத் தனிச் சட்டம் உண்டு. 2009-ம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பட்டியலில் உள்ள நோய் தன் மாட்டுக்கோ ஆட்டுக்கோ இருப்பதாகச் சந்தேகப்பட்டால் உரிமையாளரே கிராம அலுவலருக்கு அல்லது ஊராட்சிக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிப்பார்கள். நோய்ப்பட்டதை மற்றவற்றிலிருந்து பிரித்துக் கட்டுவதும் உரிமையாளர் கடமை. அடைப்பான், வெறிநோய், கருச்சிதைவு நோய், கோமாரி எல்லாம் அந்தப் பட்டியலில் உள்ளன. 'சந்தேகப்பட்டால்' என்ற சொல்லைக் கவனியுங்கள். நோயை உறுதி செய்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. உறுதி செய்வது டாக்டர் வேலை. சந்தேகத்தைச் சொல்வது உங்கள் வேலை.

எப்போது சொல்ல வேண்டும்?

கீழே உள்ளவற்றில் ஒன்று நடந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

* ஒரே தெருவில், ஒரே வயலில் அல்லது ஒரே குழுவாக வேலைக்குப் போனவர்களில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே வாரத்தில் காய்ச்சல்.
* காய்ச்சலோடு கண் மஞ்சள், கண் சிவப்பு, சிறுநீர் குறைவு, ரத்தக்கசிவு, மூச்சுத்திணறல், நினைவு தடுமாற்றம் இவற்றில் ஏதாவது ஒன்று, ஒரே ஒருவருக்கு இருந்தாலும்.
* ஒரே குடிநீரைக் குடிக்கும் வீடுகளில் பலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு.
* மாடு, ஆடு திடீரென்று செத்து, ரத்தம் கசிதல்.
* ஒரே கொட்டகையில் அல்லது ஊரில் அடுத்தடுத்து மாடுகள் கன்று வீசுதல்.
* எலிகள், காக்கைகள், கோழிகள், குரங்குகள் கூட்டமாகச் சாதல்.
* வெறிபிடித்த நாய் ஊரில் பல பேரையோ மாடுகளையோ கடித்தல்.

யாரிடம், என்ன சொல்வது?

உங்கள் ஊருக்கு வரும் கிராம சுகாதார செவிலியர்தான் முதல் ஆள். துணை சுகாதார நிலையத்தில் இருப்பார். அவர் கிடைக்காவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுகாதார ஆய்வாளரிடமோ மருத்துவ அலுவலரிடமோ சொல்லுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடம் சொன்னாலும் செய்தி போய்விடும். யாரையும் தெரியாவிட்டால் 104 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம். உயிருக்கு ஆபத்தான நிலையில் 108. கால்நடைக்கு அருகில் உள்ள கால்நடை மருந்தகம் அல்லது 1962.

போனில் ஆறு தகவல் சொன்னால் போதும்: எந்த ஊர், எந்தத் தெரு, எத்தனை பேருக்கு, எந்த நாளில் தொடங்கியது, என்னென்ன அறிகுறி, அவர்களுக்குள் பொதுவாக இருப்பது என்ன. பொதுவானது என்றால் ஒரே வயல், ஒரே கிணறு, ஒரே விருந்து, ஒரே மாடு. இப்படிப் பேசலாம்:

'நர்ஸம்மா, வணக்கம். கீழத்தெருவுல இருந்து பேசுறேன். போன செவ்வாய்க்கிழமையில இருந்து எங்க தெருவுல மூணு பேருக்குக் காய்ச்சல். ஒருத்தருக்குக் கண்ணு மஞ்சளா இருக்கு. மூணு பேரும் பத்து நாளைக்கு முன்னால ஏரிக்கரை வயல்ல களை எடுக்கப் போனவங்க. அந்த வரப்பெல்லாம் எலி வளை. நீங்க கொஞ்சம் வந்து பாருங்கம்மா.'

இவ்வளவுதான். நோயின் பெயர் தெரிய வேண்டியதில்லை. சொன்ன தேதியையும் யாரிடம் சொன்னோம் என்பதையும் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் யாரும் வராவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேரில் போங்கள்.

டாக்டரிடம் போகும்போதும் ஒரு விஷயத்தை மறக்காதீர்கள். அவர் கேட்காவிட்டாலும், 'சேத்து வயலில் வேலை செய்தேன்', 'மாட்டுக்குப் பிரசவம் பார்த்தேன்', 'புல் அறுக்கப் போனேன்' என்று நீங்களே சொல்லுங்கள். காய்ச்சல் ஆயிரம் காரணத்தால் வரும். எந்த ரத்தப் பரிசோதனை செய்வது என்பதை இந்த ஒரு வாக்கியம் தீர்மானிக்கும். எலிக்காய்ச்சலில் எதிர்ப்புப் புரதத்தைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை முதல் சில நாளில் 'இல்லை' என்றே காட்டலாம். அதை நம்பி வைத்தியத்தை விட்டுவிடாமல், டாக்டர் சொன்னால் ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். டாக்டரைப் பார்க்காமல் நீங்களாக வலி ஊசி போட்டுக்கொள்வதைத் தவிருங்கள். ஏற்கனவே தவிக்கும் சிறுநீரகத்துக்கு அது கூடுதல் சுமை.

சொன்ன பிறகு என்ன நடக்கும்?

நாடு முழுதும் ஒருங்கிணைந்த நோய் கண்காணிப்புத் திட்டம் 2004 முதல் நடக்கிறது. அதில் மூன்று வழியில் தகவல் சேர்கிறது. களப்பணியாளர் சந்தேகிக்கும் நோயாளிகள் ஒரு படிவத்தில், டாக்டர் பார்த்துச் சந்தேகிப்பவை ஒரு படிவத்தில், ஆய்வகம் உறுதி செய்தவை ஒரு படிவத்தில். முன்பு வாரம் ஒருமுறை காகிதத்தில் போனது. இப்போது கணினி வழியாக அன்றன்றே பதிவாகிறது. நீங்கள் சொல்வது முதல் படிவத்தில் ஏறும்.

ஓர் ஊரில் இருந்து வழக்கத்தைவிடக் கூடுதலாகக் காய்ச்சல் தகவல் போனால் மாவட்டக் குழு கவனிக்கும். சுகாதார ஆய்வாளர் வீடு வீடாக வருவார். ரத்த மாதிரி எடுப்பார்கள். காய்ச்சல் முகாம் போடுவார்கள். தண்ணீர்த் தொட்டியில் குளோரின் அளவைப் பார்ப்பார்கள். கால்நடையோடு தொடர்பு என்றால் கால்நடைப் பராமரிப்புத் துறையின் நோய் புலனாய்வுப் பிரிவும் வரும். எலிக்காய்ச்சலுக்குக் கால்நடையைப் பரிசோதிக்கும் ஆய்வகம் சென்னை மாதவரத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அடைப்பான் தடுப்பூசி ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில் நம் மாநிலத்திலேயே தயாராகிறது. செத்த ஒரு மாட்டைப் பற்றிச் சொன்னால், சாகாத மற்ற மாடுகளுக்கு ஊசி வந்துசேரும்.

பயம் நியாயமானதுதான்

ஊரில் பலர் சொல்லாமல் இருப்பதற்குக் காரணம் அலட்சியம் இல்லை, பயம். அந்தப் பயங்களைத் தள்ளிவிட முடியாது; ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'பால் சொசைட்டியில் பாலை வாங்க மாட்டார்கள்.' கருச்சிதைவு நோயும் எலிக்காய்ச்சலும் நன்றாகக் காய்ச்சிய பாலால் பரவுவதில்லை. ஆனால் அடைப்பான், வெறிநோய் சந்தேகம் உள்ள மாட்டின் பாலை எதற்கும் பயன்படுத்தக் கூடாது. ஒரு மாட்டின் பால் சில நாள் நின்றால் நட்டம் உங்களுக்கு உண்டு, மறுக்கவில்லை. சொல்லாமல் விட்டு நான்கு மாடு போனால் நட்டம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

'செத்த மாட்டின் கறி, தோலுக்காவது நாலு காசு வரும்.' காப்பீடு செய்த மாடு என்றால் கால்நடை மருத்துவர் சான்றும் காதுத் தோடும் இல்லாமல் இழப்பீடு கிடைக்காது. சொல்லாமல் அறுத்தாலோ புதைத்தாலோ அதுவும் போகும். அடைப்பான் சந்தேகம் இருந்தால் டாக்டரும் அறுக்க மாட்டார். காது நரம்பில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்ப்பார். பிறகு மேய்ச்சல் தரை, கிணறு, ஓடையிலிருந்து தள்ளி ஆறடி ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொல்வார்.

'காய்ச்சல் என்று தெரிந்தால் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள்.' கூலித் தொழிலாளிக்கு இது பெரிய பயம். எலிக்காய்ச்சலும் ஸ்க்ரப் டைஃபஸும் ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்குச் சாதாரணமாகத் தொற்றாது. பக்கத்தில் நின்று நாற்று நட்டால் வராது. நிலத்துக்காரர்கள் இதைத் தெரிந்துகொண்டு, காய்ச்சல் வந்தவரை ஒதுக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அவர் உங்கள் வயலில் நின்றுதான் நோய் வாங்கியிருக்கிறார் என்பதை மறக்கக் கூடாது.

'ஊர் பெயர் கெட்டுவிடும்.' நோயாளியின் பெயரை விளம்பரம் செய்வது கண்காணிப்பின் வேலை இல்லை. நீங்களும் சுகாதாரப் பணியாளரிடம் சொல்வதோடு நிறுத்துங்கள். ஊர் வாட்ஸ்ஆப் குழுவில் பெயரோடு போட வேண்டாம். அப்படிப் போட்டால் அடுத்த வீட்டுக்காரர் காய்ச்சலை மறைத்துவிடுவார்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு

வாரத்தில் நான்கைந்து ஊருக்குப் போகிறவர்கள் நீங்கள். பயிர் பார்க்கப் போகும்போது, 'வேலைக்கு ஆள் ஏன் குறைஞ்சிருக்கு?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். 'நாலு பேருக்குக் காய்ச்சல் சார்' என்று பதில் வந்தால், அந்த ஊர்ச் செவிலியருக்கு நீங்களே போன் செய்யுங்கள். உங்கள் வட்டாரத்தில் உள்ள எல்லாக் கிராம சுகாதார செவிலியர், சுகாதார ஆய்வாளர், கால்நடை உதவி மருத்துவர் எண்களையும் கைப்பேசியில் வைத்திருங்கள். அவர்களிடம் உங்கள் எண்ணையும் கொடுங்கள். அவர்கள் எலிக்காய்ச்சல் கண்ட ஊரில் நீங்கள் எலி ஒழிப்பு முகாம் போட வேண்டியிருக்கும்.

பால் சங்கச் செயலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எந்த வீட்டில் மாடு கன்று வீசியது, யார் திடீரென்று பால் ஊற்றுவதை நிறுத்தினார் என்பது உங்கள் பதிவேட்டில் முதலில் தெரியும். கால்நடை மருத்துவரிடம் மாதம் ஒருமுறை அதைக் காட்டுங்கள். 2019-ல் தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்குக் கருச்சிதைவு நோய்த் தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. வாழ்நாளில் ஒருமுறை போட்டால் போதும். எந்த வீட்டில் அந்த வயதுக் கன்று இருக்கிறது என்பதும் உங்களுக்குத்தான் தெரியும்.

வயலில் நாம் செய்ய வேண்டியது

சுகாதாரத் துறை காய்ச்சலைப் பார்க்கும்; எலியை நாம்தான் பார்க்க வேண்டும். அகலமான வரப்பு எலிக்கு வீடு. வரப்பை முடிந்த அளவு குறுக்கி, களை இல்லாமல் வையுங்கள். அறுவடை முடிந்ததும் வளைகளை வெட்டி அழியுங்கள். தஞ்சாவூர்க் கிட்டியை மாலையில் வைத்துக் காலையில் எடுங்கள். ஆந்தை உட்காரப் பறவைக் குடில் நடுங்கள். ஒருவர் மட்டும் செய்தால் எலி அடுத்த வயலுக்குப் போய்த் திரும்பி வரும். ஆயக்கட்டு முழுதும் ஒரே வாரத்தில் செய்தால்தான் பலன். பிடித்த எலியை வெறும் கையால் தொடாதீர்கள், ஆழமாகப் புதையுங்கள்.

காலில் வெட்டு, சேற்றுப்புண் இருந்தால் நீர் புகாத கட்டுப் போட்டு அல்லது ரப்பர் பூட்ஸ் அணிந்து இறங்குங்கள். வேலை முடிந்ததும் வாய்க்கால் தண்ணீரில் இல்லாமல், சுத்தமான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கால் கழுவுங்கள். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுபவர்கள், தண்ணீர் வடிந்திருக்கும் நாளில் களையெடுப்பை வைத்துக்கொண்டால் சேற்றில் ஊறும் நேரம் குறையும். நச்சுக்கொடி, வீசிய கன்றைத் தொடும்போது கையுறை போடுங்கள். அவற்றை நாய் இழுத்துப் போகாதபடி சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

வெள்ளம் வடிந்த பிறகு சுகாதாரத் துறை சிலருக்கு வாரம் ஒருமுறை டாக்சிசைக்ளின் மாத்திரை தருவது உண்டு. அவர்கள் கொடுத்தால் சாப்பிடுங்கள். நீங்களாக மெடிக்கலில் வாங்கிப் போட வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அது ஆகாது.

இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். ஒரு அட்டையில் உங்கள் ஊர்ச் செவிலியர் எண், ஆரம்ப சுகாதார நிலைய எண், கால்நடை மருத்துவர் எண், அதோடு 104, 108, 1962 எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதி, உர மூட்டை வைக்கும் அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். பால் சங்கத்திலும் டீக்கடையிலும் ஒன்று ஒட்டச் சொல்லுங்கள். அடுத்த முறை நடவுக்கோ களையெடுப்புக்கோ வந்தவர்களில் இரண்டு பேர் 'மேல் சுடுது' என்றால், முதல் போன் உங்களுடையதாக இருக்கட்டும்.